நாலரை மணிக்கான பத்து மாத்திரைகள்

ஜனவரி 5, ஞாயிறு

எங்களுக்கு வகுப்பு எடுக்கிற ரஹ்மத் மேடம் சொன்னதால் எழுதுகிறேன். இல்லாவிட்டால் டைரி எழுதுகிற சொகுசு எனக்கு எங்கே இருக்கிறது.

போன செமஸ்டரில் பதில் தெரியாமல் நான் மார்க்கை விடவில்லை. எழுதி முடிக்க முடியாமல் விட்டேன். மூன்று மணி நேரம் பேனா பிடித்தால் கட்டைவிரல் மரத்துப்போகிறது. இருபது மார்க்குக்கான இடம் வெள்ளையாகவே கிடந்தது. தட்டுத் தடுமாறித்தான் பாஸ். "உங்களுக்கு மூளை குறைச்சல் இல்ல தில்லைநாயகி, கைதான் துருப்பிடிச்சுக் கெடக்கு. தினம் ஒரு பக்கம் எழுதுங்க. என்ன வேணா எழுதுங்க, என்கிட்டகூட காட்ட வேணாம்" என்றார் மேடம்.

வயது நாற்பத்திரண்டு. சேதராப்பட்டில் ஒரு மாத்திரைக் கம்பெனியில் ஷிப்ட் இன்சார்ஜ். பேக்கிங்கில் அட்டை மடிக்கச் சேர்ந்தவள், பதினாறு வருஷத்தில் இங்கே வந்து நிற்கிறேன். படித்தது பிளஸ் டூ. போன வருஷத்துக்கு முந்தின தீபாவளிக்குப் போனஸோடு ஒரு நோட்டீஸும் வந்தது. இன்சார்ஜ் எல்லோரும் வருகிற ஜூன் முப்பதுக்குள் டிகிரி காட்ட வேண்டும், இல்லாவிட்டால் திரும்ப பேக்கிங் லைனில் போய் நிற்க வேண்டும். அதாவது நான் தொப்பி மாட்டக் கற்றுக்கொடுத்த பெண்களுக்குக் கீழே. அதனால்தான் இந்தப் படிப்பு. வேலைக்குப் போகிறவர்களுக்கு என்று மூன்று வருஷ பி.பி.ஏ.வை ஒன்றரை வருஷமாகச் சுருக்கித் தருகிறார்கள். ஞாயிறு மட்டும் வகுப்பு. இது கடைசி செமஸ்டர். ஒரு பேப்பர் போனாலும் மறுபடி பரீட்சை செப்டம்பரில்தான். ஜூன் அதுவரை எனக்காகக் காத்திருக்காது.

இன்று எழுந்தது ஐந்து மணி. (அடித்தது. கோ.தி. 5/1) ஐந்தரை.

பாருங்கள், சொந்த நோட்டில்கூட கை தானாகப் போடுகிறது. எங்கள் கம்பெனியில் தப்பாக எழுதிவிட்டால் கிறுக்கி மறைக்கக் கூடாது, ஒயிட்னர் தொடக் கூடாது. அடியில் இருப்பதைப் படிக்க முடிகிற மாதிரி ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் இனிஷியலும் தேதியும் போட வேண்டும். நோட்டு வாங்கிய உடனே எல்லாப் பக்கத்துக்கும் நம்பரும் போட்டாயிற்று. நம்பர் இல்லாத நோட்டு என் கையில் நிற்காது.

ஜனவரி 8, புதன்

காலை ஷிப்ட். வந்து சாம்பார், முருங்கைக்காய் பொரியல். மளிகைச் சீட்டில் துவரம்பருப்பு ஒரு கிலோ என்று எழுதி, அரை போதும் என்று அடித்து, பக்கத்தில் இனிஷியலும் போட்டு அனுப்பியிருக்கிறேன். கடைக்காரர் சிரித்தாராம். மகள் நிறைமதி வீடு முழுக்கச் சொல்லிச் சொல்லி மானத்தை வாங்கினாள். பதினோராம் வகுப்பு படிக்கிற திமிர். "ம்மா, தோசை கருகினாலும் கோடு போட்டு சைன் பண்ணுவியா?"

ஜனவரி 19, ஞாயிறு

வகுப்பில் முப்பத்தாறு பேர் சேர்ந்தோம். இப்போது பதினொன்று. ஒரு மாசப் பாடத்தை ஒரே ஞாயிறில் கொட்டுகிறார்கள். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் பாதிப் பேர் கண் திறந்தபடியே தூங்குகிறோம். மேடம் கோபப்படுவதில்லை, ஜன்னலை மட்டும் திறந்துவிடுவார்.

இன்று புள்ளியியல். சராசரி, விலக்கம். எல்லோரும் முழிக்கிறார்கள், எனக்கு மட்டும் தெரிந்த முகத்தைப் பார்த்த மாதிரி இருந்தது. தினமும் செய்கிற வேலைதானே. மெஷினில் இருந்து அரை மணிக்கு ஒரு தடவை பத்து மாத்திரை எடுத்து, ஒவ்வொன்றாக எடை போட்டு, எழுதி, கையெழுத்துப் போடுகிறேன். எடை விலகினால் மருந்தின் அளவு விலகுகிறது என்று அர்த்தம். மேடம் என்னை எழுந்து நின்று விளக்கச் சொன்னார். மேசையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். பேருந்தில் வரும்போது எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டு வந்தேன்.

பிப்ரவரி 12, புதன்

உடம்பு சரியில்லை. ஒரு பக்கம் என்றால் ஒரு பக்கம். இதுதான் அது.

மார்ச் 16, ஞாயிறு

முதல் பேப்பர் முடிந்தது. பதினாறு பக்கம் எழுதினேன். கை வலிக்கவே இல்லை.

மார்ச் 22, சனி

மதிய ஷிப்ட். நாளைக்குப் புள்ளியியல். அதில் போனால் எல்லாம் போச்சு. லீவு கேட்டேன். "ஆள் இல்ல தில்லை, ஒரே ஒரு நாள் சமாளிச்சுக்குங்க" என்றார் ஹெரால்டு சார். எங்கள் தர மேலாளர். என்னைவிட நாலு வயது சின்னவர், மரியாதை தெரிந்தவர்.

பிரஷர் மாத்திரை ஓடிக்கொண்டிருந்தது. சூத்திரங்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, உடை மாற்றும் அறையில் என் பைக்குள் வைத்திருந்தேன். டீ நேரத்தில் போய் உட்கார்ந்து படித்தேன். மூன்றரை செக் எடுத்தேன். நாலு மணி செக் எடுத்தேன். நாலரை செக் எடுத்தேன். (அடித்தது. கோ.தி. 22/3)

எடுக்கவில்லை. கண்ணை மூடிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். திறந்தபோது நாலு ஐம்பத்தைந்து. ஓடிப்போய் ஐந்து மணிக்கு எடுத்தேன், எடை சரியாக இருந்தது. பதிவேட்டில் நாலரைக் கட்டத்தில் பத்து எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நாலுக்கும் சரி, ஐந்துக்கும் சரி. நடுவில் என்ன ஆகிவிடப் போகிறது. இதைப் பற்றி இனிமேல் எழுத மாட்டேன்.

மார்ச் 23, ஞாயிறு

பிரமாதமாக எழுதினேன். பதினெட்டுப் பக்கம், ஒரு கேள்வி விடவில்லை. ஒரு இடத்தில் சராசரி தப்பாக வந்தது, பதறவில்லை. வழக்கம்போல் நிதானமாகக் கோடு போட்டுச் சரிசெய்துவிட்டு மேலே போனேன். இன்னொரு இடத்திலும் அப்படியே. மணி அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது முடித்துவிட்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். என் வீட்டுக்காரர் வாசலில் வண்டியோடு நின்றார். "மூஞ்சியே சொல்லுது" என்றார். வரும் வழியில் கரும்புச் சாறு குடித்தோம்.

மார்ச் 25, செவ்வாய்

சனிக்கிழமை ஓடிய பேட்ச் வெளியே போயிற்று. ஹெரால்டு சார் என் கையெழுத்துக்குக் கீழே 'சரிபார்த்தேன்' என்று போட்டார். பக்கத்தைப் புரட்டிய வேகத்தைப் பார்த்தால் எதைச் சரிபார்த்தார் என்று தெரியவில்லை.

சோறு இறங்கவில்லை. வெயில்.

ஏப்ரல் 9, புதன்

பரீட்சை எல்லாம் முடிந்தது. இனி எழுத வேண்டிய அவசியம் இல்லை, ஆனாலும் கை கேட்கிறது. மெடிக்கல் ஷாப்புக்குப் போனேன், தலைவலித் தைலம் வாங்க. கவுண்டர் மேல் எங்கள் பிரஷர் மாத்திரை அட்டை இருந்தது. திருப்பிப் பார்த்தேன். பேட்ச் நம்பர் வேறு.

ஏப்ரல் 14, திங்கள்

பாயசம், வடை. அப்புறம் பெரிய ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கிற மெடிக்கலுக்குப் போய்வந்தேன். வேறு நம்பர்.

ஏப்ரல் 20, ஞாயிறு

எதிர்வீட்டுக் கோதண்டராமன் சார் காலையில் வாசலிலேயே மயங்கி விழுந்தார். தெருவே கூடிவிட்டது. அவரைத் தூக்கி உட்கார வைக்கிறார்கள், தண்ணீர் தெளிக்கிறார்கள். நான் அவர் வீட்டுக்காரம்மாவைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, சார் என்ன பிரஷர் மாத்திரை போடுறாரு, அட்டையைக் காட்டுங்க" என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "இப்பதான் அட்டைய பார்க்கணுமா தில்லை?"

அட்டையைப் பார்க்காமல் நான் நகரவில்லை. வேறு கம்பெனி மாத்திரை. அவருக்கு விரதத்தில் வந்த மயக்கம்தானாம், காப்பி குடித்ததும் எழுந்துவிட்டார். வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு அழுதேன். தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டுதான்.

ஏப்ரல் 29, செவ்வாய்

ரிசல்ட். மூன்று பேப்பர் பாஸ். புள்ளியியலுக்கு நேராக 'நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது'.

நிறைமதி நாலு தடவை போனில் திறந்து திறந்து பார்த்தாள். நாலு தடவையும் அதேதான்.  முதலில் தோன்றியது என்ன தெரியுமா, கம்பெனிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் என்ன சம்பந்தம், நாலரை விஷயம் அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று. பைத்தியக்காரி.

மே 2, வெள்ளி

கடிதம் வந்தது. விடைத்தாளின் ஏழாம் பக்கத்திலும் பதினோராம் பக்கத்திலும் தேர்வர் யார் என்று அடையாளம் காட்டும் கையெழுத்துக் குறிகள் இருக்கின்றனவாம். திருத்துபவருக்குச் சாடை காட்டும் முறைகேடாக இதைக் கருதி, ஏன் செமஸ்டர் முழுவதையும் ரத்து செய்யக் கூடாது என்று ஒன்பதாம் தேதி நேரில் வந்து விளக்க வேண்டுமாம்.

கோ.தி. 23/3. கோ.தி. 23/3. இரண்டு இடத்தில்.

விடைத்தாளில் பெயரோ கையெழுத்தோ கூடாது என்று முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. படித்தேன். நன்றாகப் படித்தேன். கை படிக்கவில்லை.

மே 4, ஞாயிறு

மேடத்தைப் பார்த்தேன். கடிதத்தைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "சரி, இது பழக்கம்னு நிரூபிக்கணும். கம்பெனி நோட்டைக் கொண்டு வர முடியுமா?"

"கேட்டைத் தாண்டினா வேலை போயிடும் மேடம்."

"கம்பெனில லெட்டர் வாங்கினா இப்ப எழுதிக் கொடுத்ததுன்னு சொல்லுவாங்க. பரீட்சைக்கு முன்னாடியே நீங்க எழுதினது ஏதாவது..." அப்படியே நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார். "நான் எழுதச் சொன்னேனே ஒரு நோட்டு. எழுதினீங்களா?"

நோட்டு என் பைக்குள்தான் இருந்தது. வீட்டில் இருக்கிறது என்றேன்.

"அதுலயும் இப்படித்தான் கோடு போட்டு சைன் பண்ணியிருக்கீங்களா?"

"ஆமாம்."

"அல்லா. அதைவிட என்ன வேணும் தில்லைநாயகி? தேதியோட இருக்கு, பக்கத்துக்குப் பக்கம் இருக்கு. அப்படியே கொண்டு போய் வைங்க." அவர் முகம் மலர்ந்துவிட்டது. நான் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

மே 5, திங்கள்

மார்ச் 22 எழுதியது முப்பத்தொன்றாம் பக்கம். கிழிக்க முடியாது. பக்கத்துக்குப் பக்கம் நம்பர் போட்டு வைத்த மகராசி நான்தானே. தாளைக் கிழித்தால் பின்பக்கமும் போய்விடும், முப்பதுக்கு அப்புறம் முப்பத்து மூன்று வந்தால் குழந்தைகூடக் கேட்கும்.

அவரிடம் சொல்லலாமா என்று பார்த்தேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். "இன்னாத்துக்கு இப்படி நிக்கிற?" என்றார். ஒன்றும் இல்லை என்றேன்.

மே 7, புதன்

இதே மாதிரி இன்னொரு நோட்டு வாங்கி வந்தேன். அதே அட்டை, அதே நீலம். முப்பத்தொன்றைத் தவிர எல்லாவற்றையும் பார்த்து எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். இரண்டு நாள் லீவு சொல்லிவிட்டேன்.

மூன்று பக்கம் ஓடியது. அப்புறம்தான் கவனித்தேன், பார்த்து எழுதுவதால் தப்பே வரவில்லை. தப்பு வந்தால்தானே கோடு, கோடு வந்தால்தானே இனிஷியல். அதைக் காட்டத்தானே இந்த நோட்டு. அதனால் தப்பை நானே உண்டாக்க வேண்டும். எந்த இடத்தில் தப்பு விட்டால் இயல்பாக இருக்கும், எத்தனை விட்டால் சந்தேகம் வராது என்று யோசித்து, ஒரு கோடு போட்டு, கோ.தி. என்று எழுதப்போனேன்.

நாலரைக் கட்டத்தை நிரப்பும்போதும் இதையேதான் யோசித்தேன். 201, 199, 200, 202 மில்லிகிராம். எல்லாம் ஒரே எண்ணாக இருந்தால் சந்தேகம் வரும், ஒன்றிரண்டு கொஞ்சம் விலகி இருக்கட்டும் என்று.

பேனாவை மூடி வைத்துவிட்டேன். எனக்கு என் கையைப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

மே 9, வெள்ளி

இது அந்த இரண்டாவது நோட்டு. முதல் மூன்று பக்கம் காப்பியடித்தது. கிழிக்கவில்லை, கோடு போட்டு அடித்துவிட்டேன். கோ.தி. 9/5.

பழைய நோட்டையே பல்கலைக்கழகத்துக்குக் கொண்டு போனேன். நாலு மணி நேரப் பயணம். நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர், நடுவில் ஒரு அம்மா. அவர்தான் கையை நீட்டி நோட்டை வாங்கிக்கொண்டார். மளிகைச் சீட்டுப் பக்கத்தில் லேசாகச் சிரித்தார்.  அப்புறம் ஒரு பக்கத்தில் நின்றார். அவர் இடது கையில் எவ்வளவு தாள் சேர்ந்திருக்கிறது என்று பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது. படித்தார். மறுபடி முதலில் இருந்து படித்தார். பக்கத்தில் இருந்தவரிடம் விரல் வைத்துக் காட்டினார்.

"நாலரைக்கு எடுக்கலைன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமாங்க மேடம்."

"அந்த மாத்திரை இப்ப எங்க இருக்கு?"

"மார்ச் இருபத்தஞ்சே வெளிய போயிடுச்சுங்க."

ஓரத்தில் இருந்தவர் தொண்டையைச் செருமினார். "மேடம், நமக்கு விடைத்தாள் மட்டும்தான்."

அந்த அம்மா நோட்டை மூடினார். "உள்நோக்கம் இல்ல, தொழில்ல வந்த பழக்கம்னு எழுதறோம். ரிசல்ட் வந்துடும். நோட்டு ஆதாரமா ஃபைல்ல இருக்கும், திருப்பித் தர மாட்டோம்."

வெளியே வந்தேன். மேடத்துக்குப் போன் செய்து சொன்னேன், அவர் அழுதேவிட்டார். அந்த ஃபைலை இனி யார் திறக்கப் போகிறார்கள். அலமாரியில் ஏற்றிக் கயிறு கட்டிவிடுவார்கள். தப்பித்தேன் என்றுதான் நினைத்தேன். திண்டிவனம் வரைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

திண்டிவனத்தில் பக்கத்து சீட்டில் ஒரு பெரியவர் ஏறினார். சட்டைப் பையில் இருந்து ஒரு அட்டையை எடுத்து, ஒரு மாத்திரையைப் பிதுக்கி, என்னிடம் தண்ணீர் கேட்டார். பாட்டிலைக் கொடுத்தேன். அட்டையைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஒரு மாசமாகக் கடை கடையாக அட்டையைத் திருப்பிப் பார்த்தவள், கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததைப் பார்க்கவில்லை. அவர் குடித்து முடித்து, "நல்லா இரும்மா" என்றார்.

மே 10, சனி

காலையில் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் நின்றுவிட்டார். "வேலை போனா போவட்டும். போய்ச் சொல்லிட்டு வா" என்று மட்டும் சொன்னார். அப்புறம் கம்பெனி கேட் வரைக்கும் வண்டியில் கொண்டுவந்து விட்டார்.

ஹெரால்டு சார் கதவைச் சாத்தச் சொன்னார். எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும், "இதை ஏன் என்கிட்ட வந்து சொல்றீங்க?" என்றார். கோபமாகக்கூட இல்லை, கெஞ்சுகிற மாதிரி இருந்தது. "நாலு மணிக்கும் அஞ்சு மணிக்கும் சரியாத்தானே இருக்கு. ஒண்ணரை மாசம் ஆச்சு, ஒரு புகார் வரல. அடுத்த மாசம் டிகிரியக் காட்டப்போறீங்க. விடுங்களேன்."

"அந்த ஒரு மணி நேரத்துல முப்பதாயிரம் மாத்திரை சார்."

"என் கையெழுத்தும் அதுல இருக்கு தில்லை."

"தெரியும் சார்."

 கடைசியில் எழுந்துபோய் அலமாரியில் இருந்து அந்தப் பதிவேட்டை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். நாலரைக் கட்டம். பத்து எண். அடியில் இருப்பது படிக்கிற மாதிரி ஒற்றைக் கோடு போட்டேன். 'எடுக்கவில்லை' என்று எழுதினேன். கோ.தி. 10/5. பதினாறு வருஷத்தில் எத்தனை ஆயிரம் தடவை போட்டிருப்பேன், இவ்வளவு மெதுவாகப் போட்டதில்லை.

பேனாவை அவரிடம் நீட்டினேன். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். அவரும் போட்டார்.

மே 19, திங்கள்

கம்பெனியில் எடுத்து வைத்திருந்த மாதிரி மாத்திரைகளைச் சோதித்தார்களாம். சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அது எந்த நேரத்தில் ஓடியது என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் பேட்ச் முழுவதையும் கடைகளில் இருந்து திரும்ப வரவழைக்கிறார்கள். என் இன்சார்ஜ் பதவி போயிற்று. ஹெரால்டு சாருக்கு மெமோ. லைனில் பெண்கள் என்னைக் கண்டால் பேச்சை நிறுத்திக்கொள்கிறார்கள்.

ஜூன் 12, வியாழன்

புள்ளியியல் ரிசல்ட் வந்தது. எழுபத்தெட்டு. பட்டம் பெற்றுவிட்டேன். நிறைமதி கேசரி கிண்டினாள், கொஞ்சம் அடிப்பிடித்திருந்தது. யாரும் கேலி பேசவில்லை.

என்னைத் திரும்ப வந்த சரக்கு அறையில் போட்டிருக்கிறார்கள். பெட்டி பெட்டியாக வருகிறது. சேலம், ராணிப்பேட்டை, நாகப்பட்டினம். நான் பார்க்கவே போகாத ஊர்களில் எல்லாம் இருந்திருக்கிறது. அட்டை அட்டையாகப் பிதுக்கி, பத்துப் பத்தாக எடுத்து, ஒவ்வொன்றாக எடை போட்டு, எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். யாரும் என்னை அவசரப்படுத்துவதில்லை. இருநூற்றுப் பதினான்கு பெட்டியில் இருநூற்றுப் பன்னிரண்டு, சிலது விற்றதுபோக பாதி காலியாக, வந்திருக்கிறது. இதுவரை போட்டதெல்லாம் சரியான எடை.

இரண்டு பெட்டி இன்னும் வரவில்லை.